கந்தையைத் தைத்த கைகள்

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் வீடுகளில் இன்றும் வழங்கும் பழமொழி. தூய்மையைப் பற்றி மாணவர்க்குச் சொல்லும்போதெல்லாம் ஆசிரியர்களாகிய நாம் இதனையே முதலில் எடுத்துக் கூறுகிறோம். ஆயினும் இப்பழமொழியைச் சற்று நின்று நோக்கினால் ஒன்று புலப்படும். அது துவைக்கச் சொல்கிறது, தைக்கச் சொல்லவில்லை. கந்தை கந்தையாகவே இருக்கிறது, அழுக்கு மட்டும் நீங்குகிறது.

தமிழர் ஆடையின் வரலாற்றை அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். பட்டும் கலிங்கமும் துகிலும் பற்றிய செய்திகள் நமக்கு நிறையக் கிடைக்கின்றன. ஆனால் அவ்வாடை கிழிந்த பிறகு யார் கையில் சென்றது, எவ்வாறு மீண்டும் உடுக்கத் தக்கதாயிற்று என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. நெய்தவனுக்கு வரலாறு உண்டு, விற்றவனுக்கு உண்டு, உடுத்தவனுக்கும் உண்டு. தைத்துக் காத்தவளுக்கு உண்டா? இவ்வினாவை முன்வைத்துச் சில சான்றுகளைத் தொகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நமக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பது அன்று. குளிரும் மழையும் மிகுந்த இம்மலையில் துணியைக் காப்பது உடலைக் காப்பதாகவே இருந்தது.

சொற்கள் காட்டும் வரலாறு

துணி, அறுவை, துண்டு, கூறை ஆகிய சொற்களை எண்ணிப் பாருங்கள். துணித்தல், அறுத்தல், துண்டித்தல், கூறுசெய்தல் என்னும் வினைகளோடு இவை இயைந்து நிற்கின்றன. தறியிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது என்பதே இப்பெயர்களின் கருத்து. உடலுக்கேற்ப வெட்டித் தைத்த சட்டையைவிட, வெட்டியபடியே சுற்றி உடுத்திய துணியே நம் முன்னோரின் பொது உடை என்பதற்கு இச்சொற்களே சான்றாகின்றன.

கிழிந்த துணிக்கும் தமிழில் பெயர்கள் பல: கந்தல், கிழிசல், பீறல், சிதார். செப்பம் செய்வதற்கும் சொற்கள் இல்லாமற் போகவில்லை. துன்னுதல் என்பது தைத்தலைக் குறிக்கும் பழஞ்சொல். பொத்துதல் என்பது கிழிந்ததைத் தைத்து மூடுதல். மூட்டுதல் என்பது இரு துண்டுகளை இணைத்தல்; "கைலியை மூட்டிக் கொடு" என்று நம் தோட்டங்களில் இன்றும் சொல்கிறோம். ஒட்டுப் போடுதல், இழையோட்டுதல் ஆகியவை வெவ்வேறு முறைகள். ஒரு மொழியில் ஒரு தொழிலுக்கு இத்தனை சொற்கள் இருக்குமாயின், அத்தொழில் வீடுதோறும் நடந்தது என்று கொள்வதில் தவறில்லை.

கந்தை என்னும் சொல்லின் வரலாறு தனிச் சுவையுடையது. வடமொழியில் 'கந்தா' என்பது ஒட்டுப் போட்டுத் தைத்த துணியைக் குறிக்கும். அதிலிருந்தே நம் கந்தை வந்தது என்பர். அதே சொல் வங்காளத்தில் 'காந்தா' ஆயிற்று. அங்கே பெண்கள் பழம்புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி, நெருக்கமாக ஓட்டுத் தையலிட்டுப் போர்வை செய்தனர். அது இன்று உலகம் போற்றும் கலை. ஒரே சொல் ஓரிடத்தில் கலையின் பெயராயிற்று. நம்மிடையே வறுமையின் பெயராக நின்றுவிட்டது.

சங்கச் சான்றுகள்

2019ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அகழாய்வு அறிக்கை, நூல் நூற்கும் தக்களிகளோடும் கூரிய எலும்புக் கருவிகளோடும் செப்பு ஊசி ஒன்றையும் குறிப்பிடுகிறது. வைகைக் கரையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஊசி புழங்கியது என்பதற்கு இது கைப்படு சான்று.

இலக்கியத்தில் மிகச் சிறந்த சான்று பொருநராற்றுப்படையில் உள்ளது. முடத்தாமக் கண்ணியார் பாடிய இப்பாட்டில், கரிகாலனைக் காணச் செல்லும் பொருநன் உடுத்திருந்த துணி வருணிக்கப்படுகிறது. அது பேன் குடியிருந்த துணி. வியர்வையில் நனைந்த துணி. வேறு இழை நுழைத்துத் தைக்கப்பட்ட கந்தல். மன்னன் அதனைக் களைந்து, பாம்புத் தோல் போன்ற நுண்ணிய புத்தாடை அளித்தான் என்பது செய்தி.

இப்பகுதியை வகுப்பில் நடத்தும்போது கரிகாலனின் கொடையை வியந்து மேலே சென்றுவிடுகிறோம். ஆனால் அந்த 'வேறு இழை' நோக்கத்தக்கது. துணியின் நிறத்தோடோ பருமனோடோ பொருந்தாத நூல் அது. அதற்கேற்ற நூல் வீட்டில் இல்லை. கிடைத்ததைக் கொண்டு யாரோ ஒருவர் அத்துணியைத் தைத்திருக்கிறார். தைத்தவர் பொருநனோ அவன் மனைவியோ, பாட்டில் சொல்லப்படவில்லை. மன்னன் அத்துணியைக் களைந்ததும் அக்கைவேலையும் மறைந்து போகிறது. புலவருக்கு வேண்டியது வறுமைக்கும் வளத்துக்கும் உள்ள வேறுபாடு. நமக்கு வேண்டியதோ அந்த நூல்.

நூல் நூற்ற மகளிரைப் புறநானூறு 'பருத்திப் பெண்டு' என்று பெயரிட்டு நினைவு கூர்கிறது; சிறுவிளக்கொளியில் இரவில் வேலை செய்தவள் அவள். துணி வெளுத்த பெண்ணையும் சங்கப் பாடல்கள் மறக்கவில்லை. களர்நிலத்தில் கூவல் தோண்டி வெள்ளாடை துவைத்ததை ஔவையார் பாட்டு ஒன்று கூறுகிறது. துணியில் கஞ்சிப் பசை தோய்த்துக் குளத்தில் அலசியதைக் குறுந்தொகைப் பாட்டு ஒன்று உவமையாக்குகிறது. களர்மண்ணில் உள்ள உவர்ப்பு அழுக்கையும் எண்ணெயையும் இளக்கும். சவர்க்காரம் வருவதற்கு முன் உவர்மண்ணே நம் சவர்க்காரம். சிலப்பதிகாரம் புகார் நகர மருவூர்ப்பாக்கத்தில் துன்னகாரர் என்னும் தையல் தொழிலாளரைக் காட்டுகிறது. சோழர் காலச் சாசனங்களில் 'வண்ணாரப்பாறை' என்றொரு வரியே உண்டு.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. நூற்றல், நெய்தல், வெளுத்தல், கடைத்தெருவில் தைத்தல் ஆகிய நான்கும் இலக்கியத்திலோ சாசனத்திலோ இடம் பெற்றன. வீட்டில் கிழிசல் தைப்பது மட்டும் பெயரின்றி நின்றது. அதற்குக் கூலி இல்லை. கூலி இல்லாததற்கு வரியும் இல்லை. வரி இல்லாததற்குச் சாசனமும் இல்லை.

ஊசி கொண்டு பெற்ற உரிமை

சுற்றி உடுத்தும் துணியைச் செப்பம் செய்வது எளிது. நைந்த பகுதியை வெட்டி எறிந்து, நல்ல பகுதிகளை மூட்டிக்கொள்ளலாம். தைத்த உடை பொது வழக்கான பிறகே கைக்குழி, கழுத்து, பொத்தான் என்று கிழியும் இடங்களும் பெருகின. பொத்தான் என்னும் சொல்லே போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. துணி தேய்க்கும் இஸ்திரியும் அம்மொழி வழியே வந்தது என்பர்.

தைத்த உடை எல்லார்க்கும் எளிதில் கிடைக்கவில்லை. தென் திருவிதாங்கூரில் நாடார் முதலிய சமூகப் பெண்கள் மேலாடை அணிவதற்கே தடை இருந்தது. 1820களில் நாகர்கோவிலில் சார்லஸ் மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு தையலும் சரிகைப் பின்னலும் கற்பித்தார். அடிமை நிலையில் இருந்த சிறுமியர் சிலர் தம் பின்னல் வருவாயைக் கொண்டே விடுதலை பெற்றனர் என்பது மிஷன் வரலாற்றில் காணும் செய்தி. அப்பெண்கள் அணிந்த குப்பாயத்தை எதிர்த்துக் கலகங்கள் எழுந்தன. தோள்சீலைப் போராட்டம் எனப்படும் அது பல்லாண்டு நீடித்தது. 1859ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் திருவிதாங்கூர் அரசு, சில கட்டுப்பாடுகளோடு, மேல்சட்டை அணியும் உரிமையை அறிவித்தது.

இதனை ஈண்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தையல் என்பது பொழுதுபோக்கு என்றும், பெண்களுக்கான சிறுவேலை என்றும் நாம் எண்ணிவிடுகிறோம். அரை நூற்றாண்டுக்கு முன்வரை எந்தத் தமிழ்ப் பாட்டியைக் கேட்டாலும், ஒரு ரவிக்கை எத்தனை அருமையானது என்பதை அவர் அறிந்திருப்பார். அருமையானதைத்தான் கிழிந்தாலும் தைத்து வைப்பார்கள்.

மலைக்கு வந்த துணிமூட்டை

தமிழ்த் துணிக்கும் மலாயாவுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. மலாய் மக்கள் உடுத்தும் கட்டம் போட்ட சாரோங்கிற்குக் 'காயின் பெலெக்காட்' என்று பெயர். பெலெக்காட் என்பது சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு. அத்துறைமுகத்தின் பெயர் கடல் கடந்து ஒரு துணியின் பெயராக நிலைத்துவிட்டது. துணி முதலில் வந்தது. துணி உடுத்தியவர் பின்னர்த் தோட்டத் தொழிலாளராக வந்தனர்.

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த இம்மலைப் பகுதி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்தே குடியேற்றம் பெற்றது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1930களில் பாரத் தேயிலைத் தோட்டம் முதலியனவும் தோன்றின. கங்காணி முறையில் வந்த தமிழர் இம்மலையில் காடு வெட்டி, கன்று நட்டு, கொழுந்து பறித்தனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை அவ்வரவு நீடித்தது.

தஞ்சை, திருச்சி, சேலம் முதலிய வெயில் நாடுகளிலிருந்து வந்தவர்களின் மூட்டையில் இருந்தவை மெல்லிய பருத்தித் துணிகள். இம்மலையிலோ இரவில் வெப்பம் 15 பாகை அளவுக்குத் தணியும். ஆண்டு முழுதும் மழை உண்டு. தேயிலைச் செடியைக் கவாத்து செய்த பின் நிற்கும் குச்சிகள் இடுப்பளவு உயரத்தில் துணியைக் கிழிக்கும். அதிகாலைப் பெரட்டுக்கு முன்னரே பனியில் பாவாடையின் அடி நனைந்துவிடும்.

இதற்கு அப்பெண்கள் கண்ட வழிகள் எளியவை, அறிவுடையவை. இடுப்பில் சாக்கைப் படங்காகக் கட்டிக்கொண்டனர். குச்சி சாக்கைக் கிழித்தது, புடவை தப்பியது. புடவைக்கு மேல் ஆண்களின் பழஞ்சட்டையை அணிந்தனர். ஒரு துணியின் மேல் மற்றொன்று அணியும்போது இடையில் காற்று தங்கிக் குளிரைத் தடுக்கும்.

ஒரு புடவை கடந்து வந்த படிகளையும் எண்ணிப் பார்க்கலாம். தீபாவளிக்கு எடுத்த கோடிப் புடவை, ஈராண்டில் மலைக்கு உடுத்தும் புடவையாகும். நடுவில் நைந்தபின் அதனை நீளவாக்கில் வெட்டி, கரைகளை நடுவில் வைத்து மூட்டி, மேலும் ஓராண்டு உடுத்தினர். பிறகு அது குழந்தைக்குத் தூளியாயிற்று; பின் தலையில் கட்டும் துண்டாயிற்று; அடுப்படியில் சட்டி இறக்கும் கரித்துணியாயிற்று. வேட்டியாக இருந்தால் கடைசியில் விளக்குத் திரியாகவும் ஆயிற்று. புதிதாய்ப் பிறந்த குழந்தைக்குப் பழந்துணியே வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதில் அன்பும் உண்டு, அறிவும் உண்டு. பலமுறை துவைத்த பருத்தி மென்மையாகும். நீரை நன்கு உறிஞ்சும்.

துணிப் பஞ்சம்

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன் பின் மூன்றரை ஆண்டுகள் மலாயாவுக்குத் துணி வருவது ஏறக்குறைய நின்றே போயிற்று. இந்நாட்டில் பருத்தியும் விளையவில்லை. பெரும் நூலாலைகளும் இல்லை. உடுத்தும் துணியெல்லாம் கப்பலில் வந்தவை.

அரிசிப் பஞ்சத்தை வரலாற்று நூல்கள் கூறும் அளவுக்குத் துணிப் பஞ்சத்தைக் கூறுவதில்லை. தோட்டத்து மக்கள் சாக்கை உடுத்தினர். சயாம் - பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழருள் கந்தலும் கோணித்துண்டும் மட்டுமே உடையாய் இருந்தவர் பலர். வீட்டில் தையல் நூலுக்கும் பஞ்சம். அன்னாசி இலையின் நாரை உரித்துத் திரித்து நூலாக்கினர். பழந்துணியின் ஓரத்திலிருந்து இழை உருவி மற்றொன்றைத் தைத்தனர். பொருநராற்றுப்படையின் 'வேறு இழை' மலாயாவில் மீண்டும் தோன்றிற்று என்றே சொல்ல வேண்டும்.

என் பாட்டியார் அக்காலத்தைப் பற்றி அதிகம் பேச மாட்டார். ஒன்றை மட்டும் சொல்வார். வீட்டுப் பெண்கள் இருவருக்கு வெளியே உடுத்திச் செல்லத் தக்க புடவை ஒன்றே இருந்தது. ஒருவர் பெரட்டுக்குச் சென்றால் மற்றவர் உள்ளே இருப்பார். சாக்கைச் சாம்பல் நீரில் அவித்து, கல்லில் அடித்து, முரட்டுத்தனம் குறைந்த பிறகே குழந்தைகளுக்குத் தைப்பார்களாம். அவரிடம் ஓர் ஊசி இருந்தது. அது தொலையாதிருக்கத் தாலிக்கயிற்றில் கோத்து வைத்திருந்தார். அவர் இறந்தபின், மாவுப்பால் டின் ஒன்றில் பொத்தான்களும் நூல்சுருள்களும் இருந்தன. ஒரு நூல்சுருளும் முழுமையாக இல்லை. எல்லாம் பிரித்தெடுத்த நூல்கள்.

இதே காலத்தில் உலகின் மறுபுறத்தில் நடந்ததையும் நோக்குவோம். பிரிட்டனில் 1941 ஜூன் முதல் துணிக்குப் பங்கீடு வந்தது. 1943இல் அந்நாட்டு வணிக வாரியம், இருப்பதைக் கொண்டு தைத்துச் சமாளிப்பது எவ்வாறு என்று ஒரு சிறுநூல் வெளியிட்டது. ஒட்டுப் போட்ட ஆடை நாட்டுப் பற்றின் அடையாளமாயிற்று. அச்சிறுநூல் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கிறது, மறுபதிப்புகளும் வருகின்றன. அதே 1943இல் மலாயாத் தோட்டங்களில் நூலும் ஊசியும் இன்றி அதனினும் அரியதைச் செய்த பெண்களுக்குச் சிறுநூலும் இல்லை, அருங்காட்சியகமும் இல்லை. வேறுபாடு திறமையில் இல்லை; எழுதி வைத்ததில்தான் இருக்கிறது.

காந்தியடிகளின் கழுத்துப்பட்டை

தன் துணியைத் தானே காப்பது இழிவு என்னும் எண்ணம் கற்றவரிடமே மிகுதி. அதற்கு மருந்தாகக் காந்தியடிகள் தம் சத்தியசோதனையில் எழுதிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராய் இருந்தபோது வெளுப்புச் செலவு மிகுந்தது. எனவே துணி துவைக்கும் கலையைப் பற்றி ஒரு நூலை வாங்கிப் படித்துத் தாமே துவைக்கத் தொடங்கினார். முதன்முதலாகத் தாமே கஞ்சி போட்டுத் தேய்த்த கழுத்துப்பட்டையோடு நீதிமன்றம் சென்றார். கஞ்சி மிகுந்து போனதால் அது உதிர்ந்து விழுந்தது. உடன் இருந்த வழக்கறிஞர்கள் சிரித்தனர். அவர் நாணவில்லை. முதல் முயற்சி அவ்வாறுதான் இருக்கும் என்று கொண்டு, தொடர்ந்து பழகித் தேர்ச்சி பெற்றார்.

புத்தர் பெருமானின் சங்கத்திலும் துறவியர் ஆடை துண்டு துண்டாக வெட்டித் தைக்கப்பட்டதே. மகத நாட்டு வயல்களின் வரப்புகளைப் போல அத்தையல் அமையும்படி ஆனந்தர் வகுத்தார் என்று விநய நூல் கூறும். ஒட்டுத் துணி அங்கே இழிவின் சின்னமாக இருக்கவில்லை. பற்றின்மையின் சின்னமாக இருந்தது.

தொடங்கும் முறை

வரலாற்றைச் சொல்லிவிட்டு வழியைச் சொல்லாமல் விடுவது ஆசிரியர்க்கு அழகன்று. பழைய பெண்கள் கையாண்ட முறைகளிற் சிலவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

வேண்டிய கருவிகள் மிகச் சில: பருமன் வேறுபட்ட ஊசிகள் மூன்று, வெள்ளை, கறுப்பு உள்ளிட்ட சில நூல்கள், ஒரு கத்தரிக்கோல், பழம்பொத்தான்கள். ஒரு முழத்துக்கு மேல் நூல் கோக்கக் கூடாது. நீண்ட நூல் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும். நூல் துணியைவிட வலிமை மிக்கதாகவும் இருத்தல் ஆகாது. மெல்லிய பருத்தியை முரட்டு நூலால் தைத்தால் நூல் நிற்கும், துணி அறுந்துவிடும்.

பழகத் தொடங்குவோர் ஓட்டுத் தையலையும், அதனினும் உறுதியான பின்தையலையும் முதலில் கற்க வேண்டும். ஆணியில் மாட்டினால் துணி பெரும்பாலும் 'ட' எழுத்தின் வடிவில் கிழியும். அதனை மூலையிலிருந்து தைக்கத் தொடங்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் மூலையில் துணி சுருங்கி நிற்கும்.

ஓட்டை விழுந்தால் இழையோட்டம் வேண்டும். இது சிறு நெசவேயாகும். ஓட்டையைச் சுற்றி நைந்திருக்கும் இடத்துக்கும் வெளியே, நல்ல துணியில் ஊசியை ஏற்றி, பாவு போல நேர்நேராக இழைகளை ஓட்ட வேண்டும். பின் ஊடை போலக் குறுக்கே, ஓர் இழைக்கு மேலும் அடுத்த இழைக்குக் கீழுமாக ஊசியைச் செலுத்த வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நூலை இறுக்காமல் சிறிது தளர விட வேண்டும். துவைத்தபின் நூல் சுருங்கும்போது துணி இழுபடாதிருக்க இது உதவும்.

ஒட்டுப் போடும் துணி பலமுறை துவைத்ததாக இருக்க வேண்டும். கோடித் துணியை ஒட்டினால், அது முதல் துவைப்பில் சுருங்கிப் பழந்துணியை மேலும் கிழித்துவிடும். பழைய ஆடையில் புதுத்துணியை ஒட்டுவதைப் பற்றி விவிலிய நற்செய்தியில் வரும் உவமை இவ்வீட்டறிவின் மேல் எழுந்ததே. ஒட்டின் பாவும் ஊடையும் துணியின் பாவு ஊடையோடு ஒத்திருத்தலும் வேண்டும்.

பொத்தான் தைக்கும்போது அதன்மேல் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, முடிவில் குச்சியை உருவிவிட்டு, தளர்ந்த நூலைப் பொத்தானுக்கும் துணிக்கும் இடையே சுற்றி முடிந்தால், பொத்தானுக்கு ஒரு சிறு கால் கிடைக்கும். அது துணியை இழுக்காது.

துவைப்பதிலும் சில நுணுக்கங்கள் உள. இரத்தக் கறையைத் தண்ணீரில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் கறை உறைந்து பிடித்துக்கொள்ளும். தேயிலைக் கறை துவர்ப்புப் பொருளால் உண்டாவது. அதன் மேல் எடுத்த எடுப்பில் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்தால் கறை மேலும் கறுக்கும். முதலில் நீரில் ஊறவைத்து, எலுமிச்சைச் சாறு பிழிந்து, பின்னரே சவர்க்காரம் இட வேண்டும்.

கஞ்சி போடுவதில் நம் மலைக்கென்று ஒரு விதி உண்டு. கஞ்சி துணிக்கு விறைப்பைத் தரும். அழுக்கு இழையில் ஏறாமல் கஞ்சியிலேயே தங்கி, துவைக்கும்போது அதனோடு நீங்கும். ஆனால் கஞ்சி போட்ட துணியை இம்மலையின் ஈரத்தில் பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் பூக்கும். இராமபாணப் பூச்சியும் தின்னும். ஆகவே கஞ்சி நீக்கித் துவைத்து நன்கு உலர்த்தியே துணிகளை அடுக்க வேண்டும். உடுத்தும்போது புதிதாகக் கஞ்சி போட்டுக்கொள்ளலாம். பாதி உலர்ந்த துணியை மடித்து வைப்பதே இங்குத் துணி கெடுவதற்கு முதற்காரணம்.

ஊசி கைமாறியது

இவ்வறிவு ஏன் மங்கிற்று? காரணங்கள் பல. சிங்கர் போன்ற தையல் மெஷின்கள் தவணை முறையில் வீடு தேடி வந்தன. நல்ல மெஷின் வைத்திருந்தவர் லயத்துக்கே தையற்காரராயினார், கைத்தையல் குறைந்தது. 1941இல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்ட டெரிலின் என்னும் செயற்கை இழை, போருக்குப் பின் பெருகிற்று. அது விரைவில் உலரும், எளிதில் நையாது. மழைநாட்டுக்கு அது வரமாகவே தோன்றிற்று. அண்மைக் காலத்திலோ புதுச்சட்டையின் விலை, அதனைச் செப்பம் செய்யும் கூலிக்கு அருகில் வந்துவிட்டது. வெளிநாட்டினர் உடுத்திக் கழித்த ஆடைகள் 'பண்டல்' கடைகளில் குவிந்து கிடக்கின்றன. கிழிந்ததை எறிவது சிக்கனம் என்றே ஒருவர் வாதிடலாம்.

அவர் கணக்கில் ஒன்று விடுபட்டுப் போகிறது. தைக்கத் தெரிந்தவன் துணியை உற்றுப் பார்க்கிறான். இழையின் போக்கு, கிழிசலின் காரணம், நூலின் வலிமை ஆகியவற்றை எண்ணுகிறான். தையல் கண்ணுக்கும் கைக்கும் கல்வி. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் கீழ்த் தோன்றிய தோட்டப் பள்ளிகளின் வழிவந்த நாம், கைவேலையை இழிவாக எண்ணினால் நம் பள்ளிகளின் பிறப்பையே மறந்தவராவோம். ஆண்பிள்ளைகளுக்கும் இக்கல்வி வேண்டும். புகாரின் துன்னகாரரும் நம் ஊர்த் தையற்காரரும் ஆண்களே. பிறகு ஊசி பெண்களுக்கு மட்டும் உரியது என்ற கருத்து எங்கிருந்து வந்தது?

இன்று இம்மலைத் தோட்டங்களில் கொழுந்து எடுப்போரிற் பெரும்பாலோர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் பாட்டன்மார் வாழ்ந்த லயங்களிலும் அவர்கள் வாழ்கின்றனர். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசற்படியில் அமர்ந்து தம் சட்டையைத் தாமே தைத்துக்கொள்ளும் வங்காள இளைஞரைக் கண்டிருக்கிறேன். அவர் நாட்டில் அவர் தாய் செய்யும் போர்வையின் பெயர் காந்தா. நாம் வெட்கத்தோடு சொல்லும் கந்தையும் அதுவும் ஒரு சொல் என்று அவருக்குத் தெரியாது. நம் மாணவர்க்கும் தெரியாது.

தமிழாசிரியர்கள் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. சாக்கு உடுத்திய ஆண்டுகளை நேரில் கண்ட மூதாட்டியருள் இன்று எஞ்சியோர் மிகச் சிலர். அவர்களிடம் கதை கேட்ட மக்கள் இன்னும் இருக்கின்றனர். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரை அணுகி, கிழிந்த துணியை என்ன செய்தீர்கள், எதைக் கொண்டு தைத்தீர்கள், அதற்கு என்ன பெயர் சொன்னீர்கள் என்று கேட்டு எழுதி வரட்டும். பொத்துதல், மூட்டுதல், இழையோட்டுதல் போன்ற சொற்கள் அகராதியில் மட்டும் தங்கிவிடாமல் இருக்க அதுவே வழி. எழுதி வந்த மாணவர் கையில் ஓர் ஊசியையும் ஒரு முழம் நூலையும் கொடுத்து, அவிழ்ந்து போன ஒரு பொத்தானைத் தைக்கச் சொல்வோமாக. முதல் பொத்தான் கோணலாகத்தான் அமையும். காந்தியடிகளின் கழுத்துப்பட்டையும் முதல் நாளில் உதிரத்தான் செய்தது.